கூட்டினால் குறைந்த பொத்தான்

எங்கள் வீட்டுக் கார் 2011-ஆம் ஆண்டு வாங்கியது. அம்மாவுக்குச் சில வருடங்களாகக் காது சற்று மந்தம். செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி வேகம் பிடித்ததும், டயர்ச் சத்தத்தில் பாட்டு அமுங்கிப் போக, பக்கத்து இருக்கையிலிருந்து "கொஞ்சம் கூட்டுடா" என்று குரல் வரும். நானும் ஸ்டீயரிங்கின் இடப்பக்கத்தில் இருக்கும் ஒலிப் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்துவேன். இப்படி எத்தனை ஆயிரம் முறை அழுத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. சென்ற மார்கழியில் ஒரு நாள், அதே பொத்தானை அழுத்தியபோது ஒலி கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. மறுபடி அழுத்தினேன், இன்னும் குறைந்தது. அடுத்த பாட்டுக்குப் போகும் பொத்தானை அழுத்தினால் முந்தைய பாட்டு வந்தது. நன்றாக அழுத்திப் பிடித்தால் மட்டும் சில நேரம் சரியாக வேலை செய்தது.

இது சின்ன விஷயம் என்று தள்ளிவிடலாம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பொத்தான் வேலை செய்யாத ஒவ்வொரு முறையும் என் கை ஸ்டீயரிங்கை விட்டு நடுவிலிருக்கும் ஸ்டீரியோவுக்குப் போகிறது, கையோடு கண்ணும் போகிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி கண்ணை எடுத்தால் வண்டி இருபத்திரண்டு மீட்டர் பார்வையின்றி ஓடியிருக்கும். லாரிகளும் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களும் நிறைந்த நம் சாலைகளில் இருபத்திரண்டு மீட்டர் என்பது நிறையத் தூரம்.

முதலில் காட்டிய பட்டறையில், பொத்தான்களை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, கிளாக் ஸ்பிரிங் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். கூலியோடு 11,500 ரூபாய் ஆகும் என்றார்கள். கார் அலங்காரப் பொருள் விற்கும் கடை ஒன்றில், ஸ்டீரியோவே பழசு, அதை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னார்கள். இரண்டு இடத்திலும் யாரும் மின்தடையையும் மின்னழுத்தத்தையும் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுக்கவில்லை. அது எனக்கு உறுத்தலாக இருந்தது. பழுது எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே எதை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால், சரியான பாகம் மாறுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும்.

கிளாக் ஸ்பிரிங் என்பது என்ன என்று தெரிந்தால், என் காரில் அது கெட்டிருக்க வாய்ப்பில்லை என்பது ஏன் என்றும் புரியும். ஸ்டீயரிங் சுழல்கிறது, அதைத் தாங்கும் தண்டின் உறை சுழல்வதில்லை. சுழலும் பக்கத்தில் இருக்கும் ஹாரன், ஏர்பேக், பாட்டுப் பொத்தான்கள் ஆகியவற்றுக்கும் அசையாத பக்கத்தில் இருக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே, தட்டையான நாடா போன்ற கம்பி ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பழைய சுவர்க் கடிகாரத்தின் விசைச் சுருளைப் போல, ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பும்போது அது இறுகும், மறுபக்கம் திரும்பும்போது தளரும். அதனால்தான் அந்தப் பெயர். ஆண்டுக் கணக்கில் சுருண்டு விரிவதில் அந்த நாடா ஒரு நாள் விரிசல் விடும். அப்படி விட்டால், பெரும்பாலும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு டேஷ்போர்டில் எரிந்துகொண்டே இருக்கும், ஹாரன் சில திருப்பங்களில் அடிக்காது, பாட்டுப் பொத்தான்கள் அத்தனையும் ஒன்றாகச் செத்துப் போகும். என் காரில் ஹாரன் கணீரென்று அடித்தது. ஏர்பேக் விளக்கு சாவியைத் திருப்பியதும் சில விநாடிகள் எரிந்து முறையாக அணைந்தது. ஐந்து பொத்தான்களில் மூன்று ஒழுங்காக வேலை செய்தன. ஐந்து பொத்தான்களும் ஒரே கம்பி வழியாகத்தான் பேசுகின்றன என்றால், அந்தக் கம்பியில் வரும் பழுது இரண்டு பொத்தான்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கெடுக்க முடியாது.

ஒரே கம்பி வழியாக ஐந்து பொத்தான்கள் எப்படிப் பேசும் என்ற கேள்வி இங்கே எழும். என் காரைப் போன்ற பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது மின்தடைப் படிக்கட்டு. ஸ்டீரியோ தன் பக்கத்திலிருந்து ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட் போன்ற ஒரு சிறிய மின்னழுத்தத்தை அந்தக் கம்பியில் வைத்திருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அந்தக் கம்பி தரையோடு, அதாவது பேட்டரியின் நெகடிவ் பக்கத்தோடு, இணைகிறது, ஆனால் ஒவ்வொரு பொத்தானும் வெவ்வேறு அளவு மின்தடை வழியாக இணைக்கிறது. அதனால் கம்பியின் மின்னழுத்தம் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு அளவுக்கு இறங்குகிறது. கோயில் குளத்தில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று பார்த்துத் தண்ணீர் எவ்வளவு என்று சொல்வதைப் போல, ஸ்டீரியோ அந்த மின்னழுத்தத்தைப் பார்த்து எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று முடிவு செய்கிறது. பொத்தானுக்குள் அழுக்கு சேர்ந்து கூடுதல் மின்தடை உண்டாகிவிட்டால், ஸ்டீரியோ ஒரு படி தள்ளிப் படிக்கும். கூட்டினால் குறைவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றினால் போதாது, அளந்து பார்க்க வேண்டும்.

இந்த அளவீட்டுக்கு ஸ்டீயரிங்கைத் தொடவே வேண்டியதில்லை என்பதுதான் இதன் அழகு. டேஷ்போர்டின் நடுச் சட்டத்தைப் பிளாஸ்டிக் நெம்பியால் கழற்றி, ஸ்டீரியோவின் நான்கு திருகாணிகளை எடுத்து, அதை முன்னுக்கு இழுத்தேன். பின்னால் செருகியிருக்கும் கனெக்டரில் ஸ்டீயரிங் பொத்தான்களுக்கான கம்பி எது என்பதை அந்த மாடலுக்கான மின்சுற்றுப் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கம்பியின் நிறத்தை மட்டும் நம்பி யாரும் இறங்கக் கூடாது, ஒவ்வொரு காருக்கும் அது மாறும். கனெக்டரைக் கழற்றிவிட்டு, அந்தக் கம்பிக்கும் தரைக் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை, மின்தடையை அளக்கும் ஓம் அளவில் வைத்தேன். தம்பி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்த, நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன்.

ரேடியோ, பாட்டு என்று மாற்றும் மோட் பொத்தான் 60 ஓம் காட்டியது. முந்தைய பாட்டுப் பொத்தான் 850. ஒலி குறைக்கும் பொத்தான் 4,060. இந்த மூன்றும் எத்தனை முறை அழுத்தினாலும் ஐந்து, பத்து ஓமுக்கு மேல் மாறவில்லை. அடுத்த பாட்டுப் பொத்தானை அழுத்தியபோது எண் 780-க்கும் 900-க்கும் இடையே தள்ளாடியது. ஒலி கூட்டும் பொத்தான் 3,600 என்றது, பிறகு 4,300 என்றது, தம்பி விரலை அழுத்தமாக ஊன்றியபோது 2,200-க்கு இறங்கியது, தளர்த்தியதும் மறுபடி ஏறியது. மீட்டரில் அந்த எண் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதே எனக்கு நிம்மதி வந்துவிட்டது. ஒலி கூட்டும் பொத்தான், குறைக்கும் பொத்தானின் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அடுத்த பாட்டு, முந்தைய பாட்டின் எண்ணோடு கலந்துவிட்டது. ஸ்டீரியோ பொய் சொல்லவில்லை. அதற்குக் கிடைத்த எண்ணை அது சரியாகத்தான் படித்திருக்கிறது.

அதோடு நிறுத்தாமல், நன்றாக வேலை செய்யும் முந்தைய பாட்டுப் பொத்தானைத் தம்பி அழுத்திப் பிடித்திருக்க, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பச் சொன்னேன். எண் 850-ஐ விட்டு அசையவில்லை. கிளாக் ஸ்பிரிங்கில் விரிசல் இருந்திருந்தால் ஏதாவது ஒரு கோணத்தில் அந்த எண் குதித்திருக்கும். 11,500 ரூபாய்க் கேள்விக்கு இந்த இரண்டு நிமிடச் சோதனை பதில் சொல்லிவிட்டது. பட்டறைக்குப் போகும் முன் யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

இனிப் பொத்தான் கூட்டைக் கழற்ற வேண்டும். அதற்கு ஏர்பேக்கை எடுத்தாக வேண்டும். இந்த இடத்தில் மட்டும் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல்தான் புதிய கார்கள் அனைத்திலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் விலை குறைந்த வகைகள் பல ஏர்பேக் இல்லாமலே வந்தன. உங்கள் ஸ்டீயரிங்கின் நடுவில் ஏர்பேக் என்றோ எஸ்.ஆர்.எஸ். என்றோ எழுத்து இருந்தால், அதற்குள் வெடிபொருள் இருக்கிறது என்று பொருள். ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒரு பையை முழுதாக ஊதக்கூடிய வெடிபொருள் அது. கை பழகாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் பயிற்சி பெற்றவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. கழற்றி மாட்டுவதற்கு மட்டும் கூலி கொடுத்துவிட்டு, பொத்தான் கூட்டை வீட்டுக்கு எடுத்து வந்து சரிசெய்துகொள்ளலாம்.

நான் செய்தது இப்படி. முன்சக்கரங்களை நேராக வைத்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றினேன். சில ஸ்டீரியோக்கள் மின்சாரம் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும் என்பதால், அந்த அட்டையை முதலிலேயே தேடி எடுத்து வைத்திருந்தேன். பிறகு பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். மோதலில் பேட்டரிக் கம்பி அறுந்தாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை முழுதாக வடிவதற்குத்தான் அந்தக் காத்திருப்பு. எத்தனை நிமிடம் என்பதைக் காரின் பணிக் கையேடு சொல்லும், அதைவிடக் கூடுதலாகக் காத்திருப்பதில் நட்டமில்லை. காரின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ஸ்டீயரிங்கின் பின்பக்கத் துளைகள் வழியாகக் கம்பிப் பிடிகளை அழுத்தியதும் ஏர்பேக் முன்னுக்கு வந்தது. மஞ்சள் நிறக் கனெக்டரின் பூட்டை நெம்பிக் கழற்றினேன். ஏர்பேக்கை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக் கொண்டுபோய், அலங்கார மூடி வானத்தைப் பார்க்கும்படி, பிள்ளைகள் போகாத அறையில் தனியாக வைத்தேன். கவிழ்த்து வைத்தால், தவறி விரியும்போது அது எறிகணையாகிவிடும். இன்னொன்று: மஞ்சள் கனெக்டர் எதிலும் மல்டிமீட்டரை வைக்கக் கூடாது. ஓம் அளவை எடுக்க மீட்டர் தானே ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்புகிறது. ஏர்பேக்கின் திரிக்குள் அது போகவே கூடாது.

நல்ல வேளையாக என் காரில் ஸ்டீயரிங் சக்கரத்தையே கழற்ற வேண்டியிருக்கவில்லை. ஏர்பேக் போனதும் பொத்தான் கூட்டின் மூன்று திருகாணிகளும் கண்ணுக்குத் தெரிந்தன. சக்கரத்தைக் கழற்ற வேண்டிய கார்களில், தண்டையும் சக்கரத்தையும் சேர்த்து ஓர் அடையாளக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கிளாக் ஸ்பிரிங் தானாகச் சுழன்றுவிடாமல் ஒட்டுநாடாவால் கட்டிவிடவும் வேண்டும். அதன் நடுநிலை தவறி மாட்டினால், முதல் முழுத் திருப்பத்திலேயே நாடா அறுந்து, இல்லாத பழுது உண்டாகிவிடும்.

கூட்டைச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பிரித்தேன். மேலே பிளாஸ்டிக் மூடி, அதன் கீழே புடைப்புகளோடு ரப்பர் விரிப்பு, அதன் கீழே பச்சை நிறச் சுற்றுப்பலகை. ஒவ்வொரு ரப்பர்ப் புடைப்பின் அடியிலும் மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புக் கரிவில்லை ஒன்று ஒட்டியிருந்தது. பலகையில் அந்த இடத்தில் சீப்பின் பற்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு தடங்கள். பொத்தானை அழுத்தும்போது கரிவில்லை கீழிறங்கி இரண்டு தடங்களையும் இணைக்கிறது, வேறொன்றும் இல்லை. ஒலி குறைக்கும் பொத்தானின் கரிவில்லை மங்கலாக, சமமாக இருந்தது. கூட்டும் பொத்தானின் கரிவில்லை நடுவில் தேய்ந்து கண்ணாடி போலப் பளபளத்தது, ஓரத்தில் கரி உதிர்ந்து ரப்பரின் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. தடங்களின் மேல் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒரு படலம். வியர்வையும் தூசியும் அதில் கட்டாயம் உண்டு. 2020, 2021-இல் வண்டியில் ஏறும்போதெல்லாம் கையில் சானிடைசர் தடவிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தோம். அதில் ஆல்கஹால் ஆவியான பிறகும் கிளிசரின் தங்கிவிடும். அதுவும் உள்ளே இறங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

பலகையில் நான்கு சிறிய மின்தடைகள் அரிசி நொய்யளவுக்கு இருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் 331, 471, 102, 222 என்று எழுதியிருந்தது. முதல் இரண்டு இலக்கங்கள் எண், மூன்றாவது இலக்கம் அதன் பின்னால் போட வேண்டிய சுழியங்களின் எண்ணிக்கை. ஆக 330, 470, 1,000, 2,200 ஓம். இவை ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்கின்றன: மோட் சுழியம், அடுத்த பாட்டு 330, முந்தைய பாட்டு 800, ஒலி கூட்டுவது 1,800, ஒலி குறைப்பது 4,000. முன்பு தாளில் எழுதிய எண்களை இவற்றோடு ஒப்பிட்டேன். நல்ல பொத்தான்கள் எல்லாம் ஐம்பது, அறுபது ஓம் மட்டும் கூடுதலாகக் காட்டியிருந்தன. அது கரிவில்லைக்கே உரிய மின்தடை. ஒலி கூட்டும் பொத்தான் 1,800-க்கு மேல் இன்னொரு 2,000 ஓமைச் சுமந்துகொண்டிருந்தது. இதுபோன்று பழுது எண்ணாகக் கண்முன் வந்து நிற்கும் தருணம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் வாங்கிய ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தடங்களைத் துடைத்தேன். முதல் குச்சி பழுப்பாக வந்தது, நான்காவது வெள்ளையாக வந்தது. ரப்பர் விரிப்பை மென்மையான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் ஓர் இரவு காயவிட்டேன். உப்புத்தாளால் தேய்க்கவில்லை, தடங்களின் மேல் இருக்கும் பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் அன்று பளிச்சென்று வேலை செய்துவிட்டு, செம்பு வெளியே தெரிந்து சீக்கிரமே களிம்பு பிடித்துவிடும். துரு நீக்கும் எண்ணெய்த் தெளிப்பானும் கூடாது. அது விட்டுச்செல்லும் படலத்தில் அடுத்த தூசி ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் காலை மேசையிலேயே அளந்தபோது அடுத்த பாட்டு 390 ஓமுக்கு வந்துவிட்டது. ஒலி கூட்டும் பொத்தான் மட்டும் 2,300-லிருந்து 2,600 வரை ஆடியது. அழுக்கு போயிருந்தாலும் தேய்ந்த கரி திரும்ப வராது அல்லவா? 1,800-க்கும் 4,000-க்கும் நடுவில் ஸ்டீரியோ எங்கோ ஓர் எல்லைக்கோடு வைத்திருக்கும். 2,600 என்பது அந்தக் கோட்டின் மேலேயே நடப்பதற்குச் சமம். அதனால் பரணிலிருந்து பழைய டிவி ரிமோட் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் தொடாத வண்ணப் பொத்தான்கள் நான்கின் அடியில், கரிவில்லைகள் புத்தம் புதிதாக இருந்தன. ஒன்றைப் பிளேடால் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுத்து, தேய்ந்த வில்லையையும் அதே கனத்துக்குச் சீவிவிட்டு, அந்த இடத்தில் சிலிக்கான் பசையால் ஒட்டினேன். காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் பசை இதற்கு ஆகாது. அது காயும்போது வெளியிடும் அமிலம் செம்பை அரிக்கும். வாசனை இல்லாத நடுநிலை வகை வேண்டும், அதுவும் குண்டூசி முனையளவு போதும். கனம் மாறிவிட்டால் பொத்தான் அழுந்தியே நிற்கும், அல்லது அழுத்தினாலும் தொடாது. ஆகவே ஒட்டுவதற்கு முன் மூடியைப் பொருத்தி இரண்டு முறை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். பசை காய ஒரு முழு நாள் விட்டேன். பிறகு அளந்தால் 1,860. இருபது முறை அழுத்தினேன், பத்து ஓமுக்கு மேல் நகரவில்லை. மென்மையாகத் தொட்டாலும் அதே எண்தான்.

திரும்ப மாட்டும்போது வரிசை தலைகீழ். மஞ்சள் கனெக்டர் சொடுக்கென்ற சத்தத்தோடு உட்கார வேண்டும், அதன் பூட்டு முழுதாக இறங்க வேண்டும். பேட்டரியைக் கடைசியாக இணைத்தேன். அப்போது வண்டிக்குள் யாரையும் இருக்க விடவில்லை. பிறகு பக்கவாட்டில் நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி, ஏர்பேக் விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்த பின்தான் இருக்கையில் அமர்ந்தேன். அந்த விளக்கு அணையவில்லை என்றால் வண்டியை எடுக்கவே கூடாது. மொத்தச் செலவு 300 ரூபாயைத் தொடவில்லை.

வெளியில் வாங்கிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் ஸ்டீயரிங் பொத்தான்களைக் கற்றுக்கொள்ளும் வசதி இருக்கிறது. பொத்தான் தவறாக வேலை செய்தால் மறுபடி கற்றுக்கொடுத்துவிடலாம் என்று தோன்றும். என் சித்தப்பா மகன் அப்படித்தான் செய்தான், இரண்டு வாரம் ஓடியது. அழுக்கின் மின்தடை வெயிலுக்கும் மழைக்கும் விரலின் அழுத்தத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருப்பது. இன்றைக்கு இருக்கும் எண்ணைக் கற்றுக்கொடுத்தால் நாளைக்கு அது வேறு எண்ணாக இருக்கும். முதலில் பொத்தானைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கற்றுக்கொடுத்தால் அது நிலைக்கும். மேலும், அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் பொத்தான் கூட்டுக்குள்ளேயே ஒரு சிறு சில்லு உட்கார்ந்து, அழுத்தத்தை எண்முறைச் செய்தியாக மாற்றி அனுப்புகிறது. அங்கே ஓம் அளந்து பயனில்லை, நான் மேலே சொன்ன கணக்கு எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

தை மாதம் அம்மாவோடு மயிலாடுதுறை போய் வந்தோம். திண்டிவனம் தாண்டியதும் வழக்கமான குரல் வந்தது, கட்டை விரல் போனது, பாட்டு ஒரு படி மேலே ஏறியது. அம்மா எதையும் கவனிக்கவில்லை, கவனிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. எண்கள் எழுதிய தாளை டேஷ்போர்டு பெட்டியில் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறேன்; வருடத்துக்கு ஒரு முறை ஸ்டீரியோவை இழுத்து அளந்து, பக்கத்தில் புதிய எண்ணை எழுதுவதாக உத்தேசம். மோட் பொத்தானுக்கு அடியில் இரவில் எரிய வேண்டிய சிறு எல்.இ.டி. மட்டும் எரியவில்லை. மேசையில் கூடு பிரிந்து கிடந்தபோதே அதைச் சோதித்திருக்க வேண்டும். அதற்காக ஏர்பேக்கை இன்னொரு முறை கழற்ற மனம் வரவில்லை, அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.